நாள் மாறும், அச்சு மாறாது!

வாரச் சந்தை என்றைக்குக் கூடுகிறது என்று யாராவது யாருக்காவது கடிதம் எழுதுவது உண்டா? கிடையாது. சந்தை நாள் ஊருக்கே தெரியும். எந்த இடம், எத்தனை மணிக்குப் போனால் காய் புதிதாகக் கிடைக்கும், எத்தனை மணிக்கு மேல் விலை இறங்கும், கையில் எத்தனை பை வேண்டும் எல்லாம் மனப்பாடம். என்றோ ஒரு நாள் செய்த ஏற்பாடு, தலைமுறை தலைமுறையாகத் தானே நடந்து கொண்டிருக்கிறது.

மற்றச் சந்திப்புகள் அப்படியா? மாமியாருக்கு மாதா மாதம் சர்க்கரைப் பரிசோதனை. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மகளிர் குழுவின் மாதக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக உட்கார்ந்து எழுதுகிறோம். ஒரு தடவை இடத்தை எழுத மறக்கிறோம். இன்னொரு தடவை நேரத்தை. மூன்றாம் தடவை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, என்ன கொண்டு வர வேண்டும் என்பதை விட்டுவிடுகிறோம்.

சமையலறையில் நாம் இப்படிச் செய்வதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு அச்சைப் புதிதாகச் செதுக்கிக் கொண்டா இருக்கிறோம்? அச்சு ஒன்றுதான்; மாவு மட்டுமே புதிது. சந்திப்புக்கும் அதே மாதிரி ஓர் அச்சு செய்து கொள்ளலாம். மின்னஞ்சலிலும் கம்ப்யூட்டர் காலண்டரிலும் அதற்கு வழி இருக்கிறது. ‘டெம்ப்ளேட்’ என்று அதற்குப் பெயர். மாறாத வாசகத்தை ஒரு முறை எழுதிச் சேமித்து வைத்துக் கொண்டு, மாறுகிற பெயரையும் தேதியையும் மட்டும் அவ்வப்போது நிரப்பி அனுப்புவது. அவ்வளவுதான் சங்கதி.

“இதற்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்பீர்கள். கள்ளக்குறிச்சி வரைக்கும் வாருங்கள், சொல்கிறேன்.

மலையும் மேஜையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-ம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்கென்றே தனி வட்டம் இருக்கிறது. மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். சாமையும் மரவள்ளியும் விளைகின்றன. காட்டில் கடுக்காயும் புளியும் கிடைக்கின்றன. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைப் பார்த்துக் கொண்டே மலை ஏறும் பாதை, கண்ணுக்கு எத்தனை குளிர்ச்சியோ, காலுக்கும் பொழுதுக்கும் அத்தனை செலவு.

அந்த மலையில் ஒரு தாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏதோ ஒரு பரிசோதனைக்காகக் கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லி அழைப்பு வருகிறது. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது. விடியுமுன் எழுந்து, பெரிய குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு, சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு, சாலை வரையில் நடந்து, பஸ் பிடித்து வந்து சேருகிறாள்.

“பழைய ரிப்போர்ட் எங்கே அம்மா?”

“கொண்டாரச் சொல்லலீங்களே!”

அவ்வளவுதான். திரும்பிப் போக வேண்டியதுதான். அன்றைய கூலி போயிற்று. பஸ் காசு போயிற்று. மறுபடி ஒரு நாள் இதே பாடு. அழைப்பை எழுதியவர் மேஜையை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் எழுதாமல் விட்டது ஒரே ஒரு வரி.

சகோதரிகளே, இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. மறதி எழுதுகிறவருடையது, அபராதம் வருகிறவருடையது. டெம்ப்ளேட் என்பது எழுதுகிறவரின் ஐந்து நிமிஷத்தை மிச்சப்படுத்தும் சாதனம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வருகிறவரின் ஒரு முழு நாளைக் காப்பாற்றுவது என்பது அதைவிடப் பெரிய லாபம் அல்லவா?

சர்க்கார் செய்த அச்சு

கம்ப்யூட்டர் இல்லாமலே இந்த வித்தையைச் சர்க்கார் வெகு நாளாகச் செய்து வருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாள். கர்ப்பிணிகளுக்கான பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016-ல் வந்தது. அதற்கு ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி. தமிழ்நாட்டில் தடுப்பூசிக்குப் புதன்கிழமை. சந்தை நாள் மாதிரியே இவையும் மனத்தில் பதிந்துவிட்டன.

எல்லாவற்றிலும் அழகான அச்சு, குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணை. பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும் மற்ற மருந்துகளும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அதன் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். 5 வயதிலும், 10 வயதிலும், 16 வயதிலும் இன்னும் சில.

இதில் எங்கேயாவது ஒரு தேதி இருக்கிறதா, பாருங்கள். கிடையாது! இடைவெளி மட்டுமே இருக்கிறது. பிறந்த நாள் என்ற மாவைப் போட்டால் தேதிகள் முறுக்காகப் பிழிந்து விழுகின்றன. நாட்டில் பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே அச்சு போதுமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 2026 ஜனவரி 1, வியாழக்கிழமை பிறந்த குழந்தை. ஆறு வாரம் முடிவது பிப்ரவரி 12, அதுவும் வியாழன். ஊசி நாளோ புதன். முந்தின நாளே போட்டுவிடலாமா? கூடாது. குறித்த வயதுக்கு முன்னால் போடக் கூடாது. சில நாள் பின்னால் போனால் பாதகமில்லை. ஆகவே பிப்ரவரி 18, புதன். அடுத்த தவணைக்கு நான்கு வார இடைவெளி வேண்டும். அதனால் மார்ச் 18. அதற்கடுத்தது ஏப்ரல் 15. சித்திரைப் பிறப்புக்கு மறுநாள்! பண்டிகைக்குத் தாய்வீடு போகிற பெண், மறுநாள் ஊசி என்று முன்பே தெரிந்தால் அதற்குத் தகுந்தாற்போல் புறப்படுவாள். பண்டிகையன்று தெரிந்தால் என்ன செய்வாள்?

இப்போது மத்திய அரசின் யு-வின் என்ற இணைய ஏற்பாடு குழந்தையைப் பதிவு செய்து கொண்டு, அடுத்த தவணையைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டுகிறது. அதற்கும் உள்ளே இருப்பது இதே இடைவெளி அச்சுதான்.

ஐந்து கேள்விகள்

நம் வீட்டு அச்சுக்கு வருவோம். முதலில் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வருகிறவர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

எப்போது? தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். தேதி தவறினால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கே? கட்டடத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த மாடி, எந்த அறை, எந்த பஸ் நிறுத்தம்?

எவ்வளவு நேரம்? கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு இதுதான் முதல் கேள்வி.

என்ன கொண்டு வர வேண்டும், எப்படி வர வேண்டும்? தாய் சேய் நல அட்டை, பழைய ரிப்போர்ட், வெறும் வயிறு. மாமியார் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நின்றால் அன்றைய சர்க்கரைப் பரிசோதனை அம்போதான்!

வர முடியாவிட்டால்? யாருக்குச் சொல்வது, அடுத்த நாள் எது?

இந்த ஐந்தில் முதல் கேள்விக்கான பதிலும் பெயரும்தான் ஒவ்வொரு தடவையும் மாறும். மற்ற நான்கும் பெரும்பாலும் அச்சிலேயே நிற்கும். மாறுகிற இடங்களில் மூன்று நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள். அனுப்புமுன் கண்ணோட்டம் விடும்போது நட்சத்திரம் மின்னினால், நிரப்பாத இடம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

செய்முறை

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து கொள்ளுங்கள். செட்டிங்ஸில் எல்லாச் செட்டிங்ஸையும் காட்டச் சொல்லி, ‘அட்வான்ஸ்டு’ என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ‘டெம்ப்ளேட்ஸ்’ என்பதை ‘எனேபிள்’ செய்து, மாற்றத்தைச் சேமியுங்கள். பிறகு புதிய கடிதம் ஒன்றைத் திறந்து உங்கள் வாசகத்தை எழுதுங்கள். கடிதத்தின் அடியில் உள்ள மூன்று புள்ளிகளை அமுக்கினால் ‘டெம்ப்ளேட்ஸ்’ வரும். அதில் புதிய டெம்ப்ளேட்டாகச் சேமித்து, ‘சர்க்கரைப் பரிசோதனை’ என்பதுபோல் பெயர் வைத்து விடுங்கள். அடுத்த மாதம் அதே மூன்று புள்ளிக்குப் போய் அந்தப் பெயரைத் தொட்டால், வாசகம் முழுதும் வந்து உட்கார்ந்து கொள்ளும்.

கூகுள் காலண்டரில் டெம்ப்ளேட் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் காரியம் நடக்கும். ஒரு சந்திப்பை ஐந்து பதில்களுடனும் ஒழுங்காக எழுதி வைத்து விட்டால், கம்ப்யூட்டரில் அதைத் திறந்து ‘டூப்ளிகேட்’ என்று சொன்னதும் நகல் பிறக்கும். தேதியை மாற்றினால் தீர்ந்தது. வாரா வாரமோ, மாதா மாதமோ தவறாமல் வருவதற்கு நகல்கூட வேண்டாம். ‘ரிப்பீட்’ என்று ஒரு முறை குறித்தால் போதும். தடுப்பூசித் தவணைக்கு மட்டும் ரிப்பீட் உதவாது. அதன் இடைவெளிகள் ஒரே மாதிரி இல்லையே! அதற்கு நகல்தான் நல்லது.

விண்டோஸில் கிளாசிக் அவுட்லுக் உபயோகிப்பவர்கள் புதிய அப்பாயின்ட்மென்ட்டைத் திறந்து, எழுத வேண்டியதை எழுதி, ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது ‘அவுட்லுக் டெம்ப்ளேட்’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுபடி எடுக்க ‘நியூ ஐட்டம்ஸ்’, ‘மோர் ஐட்டம்ஸ்’, ‘சூஸ் ஃபார்ம்’ என்று படிப்படியாகப் போனால், நீங்கள் சேமித்த அச்சு காத்திருக்கும்.

ஒருவர் கூகுளும் மற்றவர் அவுட்லுக்கும் வைத்திருந்தால்? கவலை வேண்டாம். ஐகேலண்டர் என்ற பொது முறை 1998-லேயே ஏற்பட்டுவிட்டது. ஒரு காலண்டரில் எழுதிய சந்திப்பை மற்றொரு காலண்டர் புரிந்து கொள்வது அதன் புண்ணியத்தில்தான்.

எழுபது எழுத்துக்குள்

மின்னஞ்சல் பார்க்காதவருக்கு? மலையில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். அங்கே நீண்ட கடிதம் எடுபடாது. ஒரு சிறு குறுஞ்செய்தி, அல்லது யாராவது படித்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கக்கூடிய வாசகம்தான் வேண்டும்.

இதில் தமிழுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 தான். கொம்புக்கும் புள்ளிக்கும் இடைவெளிக்கும்கூடத் தனித்தனிக் கணக்கு! அதற்குள் அடக்க முடியுமா? முயன்று பார்த்தேன்:

“பிப்.18 புதன் 10 மணி. ஊசி. நம் ஊர் நிலையம். அட்டை கொண்டு வரவும்.”

எண்ணினால் 64 வருகிறது. மரியாதை வார்த்தைகளுக்கு இடமில்லை. ஆனால் தேவையானது எதுவும் விட்டுப் போகவில்லை. நாள் மாறினால் முதல் சொல்லை மாற்றினால் போதும்.

அச்சிலும் ஆபத்து உண்டு

சௌகரியம் வருகிற கதவு வழியாகவே அஜாக்கிரதையும் நுழையும். சென்ற மாதத் தேதியோடு கடிதம் போய்விடும். கமலாவுக்கு எழுதியதில் விமலாவின் பெயர் நிற்கும். வைத்தியச் சமாசாரமாக இருந்தால் அது வெறும் தமாஷ் அல்ல. ஒருவருடைய அந்தரங்கம் இன்னொருவர் கைக்குப் போனதாகிவிடும். ஆகையால் அச்சில் ஒருபோதும் பெயரையும் நோயையும் சேமிக்காதீர்கள். பலருக்குச் சேர்ந்தாற்போல் அனுப்பினால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பி.சி.சி. என்ற கட்டத்தில் எழுதுங்கள்.

அச்சுக்கும் துரு ஏறும். இடம் மாறியிருக்கும், டெலிபோன் எண் மாறியிருக்கும், பஸ் நேரம் மாறியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து வையுங்கள். யாராவது ஒருவர் வந்து, “இதைச் சொல்லவில்லையே!” என்று கேட்டால் கோபித்துக் கொள்ளாமல் அந்த வரியை அன்றைக்கே அச்சில் சேர்த்து விடுங்கள். அடுத்து வருகிற பத்துப் பேர் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிராது.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் அனுப்பப் போகிற அழைப்பை ஒரு தரம் எடுத்துப் படியுங்கள். அதைக் கையில் வைத்துக் கொண்டு, இடுப்பில் குழந்தையோடு, மலையிலிருந்து ஒருத்தி இறங்கி வருகிறாள் என்று நினைத்துக் கொள்ளுங்கள். என்ன வரி விட்டுப் போயிருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும். தெரிந்ததும் எழுதுங்கள், எழுதியதைச் சேமியுங்கள்.