ஏரிக்கரை வீடும் மானாவாரிதான்!

அச்சங்குளத்தில் மக்காச்சோளப் படைப்புழு பற்றிப் பேசிவிட்டு ஜீப்பில் ஏறப்போன நேரம். வேப்பமரத்தடியில் காத்திருந்த ஒரு தம்பதி அருகே வந்தார்கள். அவருக்கு 62 வயது. சாலையோரம் இருந்த மூன்று ஏக்கர் கரிசலை விற்ற பணம் வங்கியில் இருக்கிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஊர் திரும்பும் எண்ணம் இல்லை.

"சார், கொடைக்கானல்ல ஏரிக்குப் பக்கத்துல சின்ன வீடு ஒண்ணு வருது. 30 லட்சம். டூரிஸ்ட்டுக்கு விட்டா மாசம் 75,000 வாடகை வரும்னு தரகர் சொல்றாரு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேக்காரு. கொடுக்கலாமா?"

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "இதை விட்டா எங்ககிட்ட வேற பணம் இல்ல சார்."

பயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லைதான். ஆனால், நிலம் விற்ற பணம் கைக்கு வந்த பல வீடுகளில் இதே பேச்சு ஓடுகிறது. அதனால் அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டு மாத மழை

கொடைக்கானல் ஏரி இயற்கையாக வந்ததல்ல. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை போட்டு உருவாக்கியது. நம் கண்மாய் மாதிரிதான். அந்த ஏரியைச் சுற்றி நடக்கும் வியாபாரமும் நம் மானாவாரி மாதிரிதான். ஏப்ரல், மே இரண்டு மாதம் நல்ல மழை. பிறகு பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ், சனி, ஞாயிறு என்று தூறல். மற்ற நாள்களில் அறைகள் பெரும்பாலும் காலி.

தரகர் என்ன செய்தார்? மே மாதத்தில் ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய் என்பதை 30 நாளால் பெருக்கி, அதையே 12 மாதத்துக்கும் சொல்லிவிட்டார். தீபாவளிக்கு முந்தின வாரத்துப் பட்டாசு விற்பனையை வருடம் முழுவதும் நடக்கும் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? அதே கதைதான்.

மண்ணில் எழுதிப் பார்த்த கணக்கு

இது உத்தேசக் கணக்குதான். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

வீட்டின் விலை 30 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 2,70,000. கட்டில், மெத்தை, வெந்நீர் ஹீட்டர் என்று 3 லட்சம். மொத்தம் 35,70,000. கையில் இருப்பதோ 30 லட்சம். மீதிக்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும்.

வரவு: சீசனில் 45 நாள், 2,500 வீதம் 1,12,500. மற்ற காலத்தில் 60 நாள், 1,500 வீதம் 90,000. மொத்தம் 2,02,500.

செலவு: காவலுக்கும் சுத்தம் செய்யவும் ஓர் ஆள், மாதம் 8,000 வீதம் 96,000. ஆள் பிடித்துத் தரும் கமிஷன் 30,000. கரன்ட், தண்ணீர், சலவை 30,000. ஈரத்தில் உரியும் சுவருக்குப் பூச்சு, பழுது 20,000. மொத்தம் 1,76,000.

மிச்சம் 26,500. மாதத்துக்கு 2,200 ரூபாய் சொச்சம். சொத்து வரியும் நகைக்கடன் வட்டியும் இதில் சேரவில்லை.

ஒரே உத்தரவில் நின்றுபோகும்

2020-லும் 2021-லும் கொரோனா ஊரடங்கில் கோடை சீசன் பறிபோனது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சாதாரண நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் எல்லை போட்டது. மலை தாங்காது என்பதால் வந்த உத்தரவுகள் இவை. பட்டாசில் பேரியத்துக்குத் தடை வந்தபோது நம் பகுதி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கோர்ட் உத்தரவு ஒரு தொழிலை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடத்துக்கும் இதே கதி வரலாம். அங்கே மலை நகரக் கட்டட விதிகளும், 1993-ல் வந்த மாஸ்டர் பிளானும் உண்டு. அவற்றை மீறிய கட்டடங்கள் பலவற்றுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். சீல் வைத்த வீட்டுக்கு வாடகை ஏது?

அட்வான்ஸுக்கு முன் கேளுங்கள்

1. நகராட்சி ஒப்புதல் தந்த வரைபடம் எங்கே? கட்டியிருப்பது அதன்படிதானா?

2. மாஸ்டர் பிளானில் அந்த இடம் குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா? குடியிருக்க அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்த முடியாது.

3. 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் நான்கும் ஒத்துப்போகிறதா? பஞ்சமி நிலம் இல்லை, வன எல்லைக்குள் இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டா?

4. அடுக்குமாடி என்றால், பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பாகம் எத்தனை சதுர அடி? எட்டு வீட்டுக்கு மேல் உள்ள புதிய திட்டம் என்றால் ரெரா பதிவு எண் என்ன?

5. மே மாதத்தில் பார்த்த வீட்டை ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தீர்களா? அதே தெருவில் வாடகைக்கு விடும் இரண்டு பேரிடம் நவம்பர் மாத வரவு என்ன என்று கேட்டீர்களா?

இவை எல்லாம் சரியாக இருந்து, அந்தப் பணம் போனாலும் குடும்பம் அசையாது என்கிறவர்கள் வாங்கலாம். அடிக்கடி போய்ப் பார்க்கும் வசதியும் வேண்டும். கடைசிப் பணத்தை வைத்து இதில் இறங்கக் கூடாது.

"அப்ப இந்தப் பணத்தை என்னதான் செய்ய?" என்று கேட்டார் அந்த அம்மா. 60 வயது கடந்தவர்களுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவிகித வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வட்டி விகிதம் மாறக்கூடியது. ஆனால், போட்ட நாளில் உள்ள விகிதமே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். முழுப் பணத்தையும் முடக்காமல், அவசரத்துக்குக் கொஞ்சம் வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை தரகரிடம் பணத்துக்குப் பதிலாக ஒப்புதல் வரைபடத்தின் நகல் கேட்டிருக்கிறார்கள். "எடுத்துட்டு வாரேன்" என்று போனவர், இந்தக் கட்டுரை எழுதும் வரை வரவில்லை. விற்காமல் மிச்சம் வைத்திருக்கும் ஒன்றரை ஏக்கரில் பண்ணைக்குட்டை வெட்ட முடியுமா என்று அண்ணாச்சி நேற்று போனில் கேட்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அடுத்த வாரம் இடம் பார்க்கப் போகிறேன்.