கையொப்பமும் ஓர் அமானிதமே

பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பிள்ளைகளையும், ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவர்களையும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பாத குடும்பம் நம்மில் அரிது. அவ்வேளையில் விமானியை நினைக்கிறோம். வானிலையை எண்ணிக் கவலைப்படுகிறோம். அவ்விமானத்தைச் சோதித்து, பறக்கத் தகுதியானது எனக் கையொப்பமிட்ட மெக்கானிக்கை எவரும் நினைப்பதில்லை.

சென்னையின் தென்புறத்தார்க்கு இத்தொழில் அந்நியமன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்திலே மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம் அவர்களும், முதலில் பெங்களூரில் எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பணியில்தான் பயிற்சி பெற்றார்.

பயிற்சி பெற்ற கண்களும் பிழைபடுமா? படும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

1990 ஜூன் 10 அன்று, இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,000 அடி உயரத்தைக் கடந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்தது. அவரது உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவரை 20 நிமிடங்களுக்கு மேல் இறுகப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி பத்திரமாகத் தரையிறக்கினார். விமானத்திலிருந்த 87 பேரும் உயிர் பிழைத்தனர்.

காரணம் என்ன தெரியுமா? 27 மணி நேரத்துக்கு முன்புதான் அக்கண்ணாடி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்த 90 போல்ட்டுகளில் 84, உரிய பருமனைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே மெலிந்தவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. பொருத்தியவர் அனுபவமற்றவரல்லர், பணிக்குழுவின் மேலாளர். பின்னிரவில், மங்கிய வெளிச்சத்தில், உரிய புத்தகத்தைப் புரட்டாமல், கழற்றிய போல்ட்டோடு கண்ணளவால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். கழற்றியவையே தவறான அளவுடையவை! செய்த வேலையைத் தாமே சரிபார்த்துக் கையொப்பமும் இட்டார். அப்பணிக்கு இரண்டாமவர் சோதனை தேவை என்று அன்றைய விதிகளில் இல்லை.

ஜப்பானில் நேர்ந்ததோ இதனினும் கொடிது. ஒரு ஜம்போ விமானத்தின் பின்புறத் தடுப்புச் சுவர் 1978இல் பழுது பார்க்கப்பட்டது. இரு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்குமாறு தகடு பொருத்தப்பட்டது. அடுத்த ஏழாண்டுகளில் நடந்த சோதனைகள் எவற்றிலும் அப்பிழை புலப்படவில்லை. 1985 ஆகஸ்ட் 12 அன்று அச்சுவர் பிளந்தது. 524 பேரில் 520 பேர் மாண்டனர்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவன விமானத்தின் மேற்கூரை நடுவானில் கிழிந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். உலோகத்தில் உண்டாகியிருந்த வெடிப்புகள் சோதனைகளில் தப்பிவிட்டிருந்தன. ஆனால் விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் ஒரு வெடிப்பைக் கண்டிருக்கிறார், எவரிடமும் சொல்லவில்லை!

மனிதனின் கண், தான் எதிர்பார்ப்பதையே காண்கிறது. நூறு முறை நன்றாயிருந்த பொருள் நூற்றோராவது முறையும் நன்றாயிருக்கும் என்று மனம் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. களைப்பு, அவசரம், கவனச் சிதறல், மெத்தனம், எடுத்துரைக்கத் துணிவின்மை என இத்தகைய பிழைகளுக்குப் பன்னிரண்டு காரணங்களைக் கனடா நாட்டில் 1993இல் தொகுத்தனர். அறியாமை அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

ஆகவேதான் முக்கியமான வேலைகளை, செய்தவரல்லாத இன்னொருவர் சோதிக்கும் முறை வந்தது. பணி மாறும்போது எஞ்சிய வேலையை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதியும் வைக்கும் வழக்கமும் வலுப்பெற்றது. ‘நான் தவறு செய்துவிட்டேன்’ என்று தாமாகவே முன்வந்து சொல்பவரைத் தண்டித்தால், அடுத்தவர் தம் தவறை மறைப்பார். மறைத்த தவறு வானத்தில் வெளிப்படும்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.32 விமானம், 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்ததாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அவ்விபத்துக்கு எவரையும் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. ஆயினும் கடலடியில் கிடக்கும் எஞ்சினை எந்த மெக்கானிக்கும் சோதிக்க இயலாது என்பதை அது உணர்த்துகிறது. சோதிக்கும் வாய்ப்பு தரையில் மட்டுமே உண்டு.

வாசகர்களே! உங்கள் பிள்ளை இத்தொழிலுக்குச் செல்வானாயின், கண்ணால் காணாததற்குக் கையொப்பமிடாதே என்று சொல்லி அனுப்புங்கள். முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான மக்களின் உயிர் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நீங்கள் பயணியாயின், ஐயத்திற்குரிய எதையேனும் கண்டால் கூச்சப்படாமல் சிப்பந்தியிடம் கூறுங்கள். ஐயம் பொய்யானால் நட்டம் ஒரு நிமிடம். மெய்யானால் மிஞ்சுவது எத்தனையோ குடும்பங்கள்.