முடிச்சும் முள்ளும்

தூண்டில் முள்ளின் கூர்மையைப் பற்றிப் பேசுவோர் அநேகர். அந்தக் கூர்மை மீனின் வாயில் எந்தத் திசையில் பாய வேண்டும் என்பதில் முடிச்சுக்கும் பெரும் பங்குண்டு என்பதைக் கவனித்தவர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் ஓடைகளில் டிரௌட் மீனுக்காகப் பொய்ப்பூச்சி வீசிய கனவான்கள், பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்தெடுத்த நரம்பைக் காதில்லாத முள்ளின் தண்டோடு சேர்த்து நூலால் சுற்றிக் கட்டியே உபயோகித்தார்கள். இழுப்பு தண்டுக்கு நேராகவே வந்ததால் முள் நன்றாகப் பாய்ந்தது என்றாலும், கட்டின் விளிம்பில் நரம்பு நைந்துபோனால் பாடுபட்டுச் செய்த பூச்சியும் வீணாயிற்று. இந்த விரயத்தைத் தீர்த்த காதுள்ள முள்ளை 1879-ஐ ஒட்டிச் செப்பம் செய்தவர்களுள் பிரதானமானவர் ஹெச். எஸ். ஹால், நம் தேசத்து மாணவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் திணற அடித்த ‘ஹால் அண்டு நைட்’ அல்ஜீப்ராவின் ஆசிரியர் சாட்சாத் அவரேதான்!

காது வந்ததோடு வேறொரு சங்கடமும் வந்தது. காதின் கம்பியை மட்டும் பற்றிய முடிச்சு ஒரு பக்கமாக நழுவினால் முள் கோணித் தொங்கும். மேஜர் டர்ல் என்பவரின் பெயரால் வழங்கும் முடிச்சில், நரம்பைக் காதில் செலுத்திச் சுருக்கிட்டு, முள்ளையே அச்சுருக்கினுள் நுழைத்துத் தண்டின் கழுத்தில் இறுக்குவதால், பழைய நேரான இழுப்பு மீண்டும் கிடைத்தது.

தண்டின்மேல் பல சுற்றுகள் சுற்றி இறுக்கும் முடிச்சில் இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. நரம்பு காதைவிட்டு முனை இருக்கும் பக்கமாக வெளிப்பட்டால், இழுத்த கணத்தில் காது பின்னுக்குச் சாய்ந்து முனை வெளிப்புறமாக விரியும். மறுபக்கமாக வெளிப்பட்டாலோ முனை உள்வாங்கி, மீனின் உதட்டில் பதியாமல் வழுக்கிவிடக்கூடும். முள்ளை இரு விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்து நரம்பை இழுத்துப் பார்த்தால் இவ்வித்தியாசம் கண்ணுக்கே புலனாகும். நீரில் நெளிந்தாட வேண்டிய பொய்மீனுக்கோ இந்த இறுக்கம் ஆகாது. அதற்கு அசைய இடம் விடும் வளைய முடிச்சே உகந்தது.

எந்த முடிச்சானாலும், உலர்ந்த நைலான் நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வின் சூட்டிலேயே அது பலம் குன்றும். ஆகையால் தண்ணீராலோ எச்சிலாலோ நனைத்து, மெதுவாக இறுக்குங்கள்.