மூன்றடிக் கதவில் நுழையும் பாய்மரப் படகு

டெல்லி ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்புகளில் வாசற்கதவு ஏறக்குறைய மூன்றடி அகலம். ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சின்னஞ்சிறு பாய்மரப் படகின் நீளம் 2.36 மீட்டர், அகலம் 1.13 மீட்டர், பாய் இல்லாமல் எடை 35 கிலோ. நேராகத் தூக்கினால் கதவில் முட்டும். ஒருக்களித்துச் சாய்த்தால் இரண்டு பேர் சிரமமில்லாமல் வெளியே கொண்டுவந்துவிடலாம். முன்னறையில் கட்டி, படிக்கட்டில் இறக்கி, சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய படகு இது. உலகில் லட்சக்கணக்கான சிறுவர், சிறுமியர் இதில்தான் காற்றைப் பிடிக்கக் கற்றிருக்கிறார்கள்.

பாய்மரப் படகு என்றாலே நம் மனம் இரண்டு திசையில்தான் போகிறது. ஒன்று, பணக்காரர்களின் கிளப். இன்னொன்று, கடற்படையும் ராணுவமும். ஆனால் சிறிய மரப் படகின் கதை வேறு. அது சாதாரணக் குடும்பங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளட்டும் என்றே வரையப்பட்டது. அதற்கு வேண்டிய மரம், பசை, கைத்திறன் எல்லாமே டெல்லியில் கிடைக்கின்றன. கிடைக்காதது ஒன்றே ஒன்று: அதை மிதக்கவிடத் தகுந்த தண்ணீர்.

இரண்டு பலகையில் பிறந்தது

1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்ற கடலோர ஊரில் பிறந்தது ஆப்டிமிஸ்ட். ஊர்ப் பிள்ளைகள் பெட்டி வண்டி செய்து சரிவில் ஓட்டிப் பந்தயம் விடுவது அப்போது அங்கே வழக்கம். கடலை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஏன் தரையில் ஓட்ட வேண்டும் என்று கேட்டார் கிளிஃபர்ட் மெக்கே என்பவர். படகு கட்டும் கலைஞரான கிளார்க் மில்ஸ் அதற்கு விடை வரைந்தார். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகை இரண்டில் படகு முடிந்துவிட வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. எட்டடிக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் அதன் முன்பக்கம் கூராக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக இருக்கிறது. பிறகு ஆக்ஸெல் டாம்கார்ட் என்ற டென்மார்க்காரர் இந்த வடிவத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது உலகமெங்கும் பரவியது.

இங்கிலாந்தில் இதே எண்ணத்தை ஒரு நாளிதழ் எடுத்து நடத்தியது. ‘டெய்லி மிர்ரர்’ பத்திரிகையின் ஆதரவில் 1962-63 வாக்கில் வந்த ‘மிர்ரர்’ படகை வடிவமைத்தவர்கள் இருவர். ஜாக் ஹோல்ட் தேர்ந்த படகு வடிவமைப்பாளர். பாரி பக்நெல், வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்றவர். வெட்டிய பலகைகள் பொட்டலமாக வீட்டுக்கு வரும். வாங்கியவர் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்வார். இப்படி 70,000-க்கும் மேற்பட்ட மிர்ரர் படகுகள் உருவாயின. அதன் சிவப்புப் பாய் அந்தப் பத்திரிகையின் நிறம்.

தைத்து ஒட்டும் முறை

மிர்ரர் படகு பிரபலமாக்கிய முறையைத் ‘தைத்து ஒட்டுதல்’ என்கிறார்கள். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் பிசினும் கண்ணாடி இழை நாடாவும் ஒட்டிவிடுவார்கள். மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும் வேலை கிடையாது.

நம் கடற்கரைக்குத் தைத்த படகு அந்நியமல்ல. சென்னைத் துறைமுகம் கட்டப்படும் முன், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை மசுலாப் படகுகள். ஆணி ஒன்றுகூட இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை அவை. ஆணி அடித்து இறுக்கிய படகு அலையில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்துகொடுத்துத் தப்பிக்கும். அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பலை மாதிரியாகக் கொண்டு தைத்துக் கட்டிய ‘கவுண்டின்யா’ என்ற பாய்மரக் கப்பலை நம் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் அதைக் கட்டிய தலைமைத் தச்சர். செம்புக் கம்பியும் பிசினும் புதியவை. தைக்கும் அறிவு இந்தக் கரைகளில் பழையது.

ஆர்.கே.புரத்தில் கட்டுவதானால்

பலகைக்குக் கீர்த்தி நகர் போக வேண்டும். டெல்லியின் பெரிய மர, மரச்சாமான் சந்தை அது. ஆறு மில்லிமீட்டர் கனத்தில், ‘ஐ.எஸ். 710’ முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள். கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அந்த முத்திரைக்கான சோதனை. விலை குறைவு என்று சாதாரண பிளைவுட் வாங்கினால் ஒரு மழைக்காலத்தில் ஓரங்கள் ஊதி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். எட்டடிப் படகுக்கு இரண்டு அல்லது மூன்று பலகை போதும்.

வரைபடத்தைப் பலகைக்கு மாற்றி, ஜிக்சாவால் வெட்டியபின் தையல் தொடங்குகிறது. ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி, அரை ஜாணுக்கு ஒரு துளை. கம்பியை உள்ளிருந்து வெளியே நுழைத்து, முனைகளை லேசாக முறுக்க வேண்டும். முதல் கம்பியிலேயே இறுக்கிவிடக்கூடாது. எல்லாத் துளையிலும் கம்பி கோத்தபிறகு, முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சுற்றிச் சுற்றி வந்து, குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த பலகைகள் மெல்ல வளைந்து எழும்பும். ஒவ்வொரு சுற்றிலும் வளைவு கூடிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றில் தரையில் ஒரு படகு நிற்கும்.

பிசின் தடவும் முன் நூல் பிடித்துப் பார்ப்பது மிக முக்கியம். மூலைக்கு மூலை நூல் கட்டி அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். அரை அங்குல முறுக்கல் இருந்தாலும் படகு ஆயுளுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும். தூத்துக்குடிப் பக்கத்துப் படகுத் தச்சர்களான ஓடாவிகள் கண்ணாலேயே பிடித்துவிடும் பிசகை நாம் நூலால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு எப்பாக்ஸி பிசின். மரத்தூள் கலந்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து, உள்மூலைகளில் தடவி, கரண்டியின் பின்புறத்தால் வழித்துவிட வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழை நாடா. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். டெல்லியின் பருவம் இங்கே குறுக்கே நிற்கும். மே மாதத்தில் ஒரு குவளை நிறையக் கலந்தால் அது சூடேறிப் புகைந்து, தடவும் முன்னே கல்லாகிவிடும். ஜனவரியின் குளிர் இரவுகளில் நாள் கணக்கில் இறுகாது. மழைக்காலத்தில் பிசின் மேல் எண்ணெய்ப் பசைபோல ஒரு படலம் படரும். அதைத் தண்ணீர்விட்டுக் கழுவாமலும் உப்புத்தாளால் தேய்க்காமலும் அடுத்த பூச்சு பூசினால் ஒட்டாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் தோதானவை.

பாய்மரத்துக்கு நன்கு காய்ந்த மூங்கில் போதும். பழகுவதற்கான முதல் பாயைத் ‘திரிபால்’ என்று இங்கே விற்கும் தார்ப்பாலினிலேயே வெட்டிக்கொள்ளலாம். பாய் விரித்த படகு காற்றுக்குப் பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்க, நடுவே ஒரு துளை வழியாகத் தண்ணீருக்குள் பலகை ஒன்றை இறக்குவார்கள். நம் கட்டுமரக்காரர்களின் அடப்பலகை செய்யும் வேலை அதுவே. பின்முனையான அமரத்தில் சுக்கான். இருக்கைக்கு அடியில் காற்றடைத்த பைகளை இறுகக் கட்டிவிட்டால், கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்காது.

முதல் நாள்

படகை முதலில் ஆளில்லாமல் மிதக்கவிட்டு, எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு துடுப்புப் போட்டுப் பழகி, இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். பாய் விரிப்பது அதன் பிறகுதான். நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்புக் கவசம் இல்லாமல் ஏறக்கூடாது. டெல்லிப் பக்கத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னறிவிப்பு இல்லாமல் எழும் ‘ஆந்தி’ என்ற புழுதிக்காற்று சில நிமிடங்களில் படகைப் புரட்டிவிடும். மேற்கு வானம் பழுப்பேறினால் உடனே கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

படகை முதன்முதல் இறக்கும்போது தேங்காய் உடைக்கும் நம் வழக்கம் உலகக் கடல்களையும் பார்த்திருக்கிறது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய ‘சுஹைலி’, பம்பாயில் நம் தச்சர்கள் தேக்கில் கட்டி, தேங்காய் உடைத்துத் தண்ணீரில் இறக்கிய படகு.

தண்ணீர் எங்கே?

ஆர்.கே.புரத்திலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் ஒக்லா யமுனைக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் தூரம். ஆக்ரா கால்வாய்க்காக 1874-இல் எழுந்த அணைக்கட்டு அங்கே இருக்கிறது. அதன் கரை டெல்லிக்காரர்கள் குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிப் போன இடம். இன்று அதே வட்டாரத்தில், காளிந்தி குஞ்சில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஆறு முழுக்க வெள்ளை நுரை மிதக்கிறது. சலவைத்தூள் கழிவும் சுத்திகரிக்காத சாக்கடையும் அணையில் விழுந்து கடையும்போது எழும் நுரை அது.

யமுனையின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். டெல்லிக்குள் வசீராபாத்துக்கும் ஒக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டர் அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் ஆற்றின் மாசில் சுமார் 80 சதவீதம் இந்தத் துண்டிலேயே சேர்வதாக மதிப்பிடப்படுகிறது. வசீராபாத்தில் குடிநீருக்காக ஆறு தடுக்கப்படுகிறது. அதற்குக் கீழே நஜஃப்கர் கால்வாய் தொடங்கி வரிசையாகச் சாக்கடைகள் கலக்கின்றன. கோடையில் அங்கே ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். ஆற்றைச் சுத்தப்படுத்தும் யமுனைச் செயல்திட்டம் 1993-இல் தொடங்கியது. ஆனால் இன்றைக்கும் ஒக்லாவில் ஒரு பிள்ளையைப் படகில் ஏற்றிவிட எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது.

கடல் இல்லாத ஊருக்குப் பாய்மரம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் போபாலே பதில். ராஜா போஜன் காலத்துப் பெரிய ஏரியில் பயிற்சி பெற்ற நேஹா தாக்கூர் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். அவர் ஒரு விவசாயியின் மகள். ஹைதராபாத்தின் ஹுசைன் சாகரில் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் ஓட்டிப் பழகிப் பதக்கங்கள் வாங்குகிறார்கள். கடல் உள்ள சென்னையிலோ, கோடை முகாமொன்றில் தொடங்கிய நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஒரு நகரம் தன் தண்ணீரைப் பாதுகாத்து, அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இவை கண்ணெதிரே உள்ள சான்றுகள்.

யமுனை மீளும்வரை படகு காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. படகு முதலில் வரட்டும். ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவார். வீட்டில் படகு வைத்திருப்பவர் அப்படிக் கடக்க முடியாது. எந்தச் சாக்கடை எங்கே கலக்கிறது, சுத்திகரிப்பு நிலையம் ஏன் ஓடவில்லை என்று அவர் கேட்டே தீருவார். அப்படிக் கேட்கும் ஆயிரம் குடும்பங்கள் இந்த நகரத்துக்குத் தேவை.

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இந்த நகரில் ஏழு பள்ளிகள் உண்டு, அவற்றில் ஒன்று எங்கள் ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது. தமிழ்ச் சங்கமும் இங்கேதான். கழகமும் சங்கமும் சேர்ந்து, வரும் கல்வியாண்டில் பள்ளிக்கு ஒரு படகு கட்ட முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கும் அறிவியலும் கைத்தொழிலும் ஒருசேர வரும் பாடம் அது. கட்டிய படகுகளை உரிய அனுமதியோடு, பயிற்சியாளர் துணையோடு நல்ல நீருள்ள ஏரிகளில் ஓட்டிப் பழகலாம். ஒக்லாவில் ஓட்டும் உரிமையை அந்தப் பிள்ளைகளே டெல்லி அரசிடம் கேட்கட்டும். பெற்றோர் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.