பேரப்பிள்ளையின் கேக்கும் நம் அன்றாட ரொட்டியும்

வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியாகிவிட்டது. “தாத்தாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, கொடுக்காதே” என்கிறார் ஒருவர். “ஒரு துண்டுதானே, சாப்பிடட்டும்” என்கிறார் இன்னொருவர். இருவரும் கேக்கைத்தான் பார்க்கிறார்கள். தினமும் காலையில் நீங்கள் சாப்பிடும் வெள்ளை ரொட்டியையும், அதைத் தொட்டுக்கொள்ளும் டின் பால் தேநீரையும் யாரும் கவனிப்பதில்லை.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது பத்தில் மூவர்.

சீனியின் கணக்கு

250 கிராம் சீனி போட்டு ஒரு பட்டர் கேக் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 50 தேக்கரண்டி. பதினாறு துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டில் சுமார் 3 தேக்கரண்டி சீனி இருக்கும். மேலே பூசும் ஐசிங் தனி.

இப்போது தேநீருக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சுமார் 2 தேக்கரண்டி சீனி இருக்கிறது. நாளுக்கு நான்கு கோப்பை குடித்தால் 8 தேக்கரண்டி ஆகிவிடும். ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் சீனி 50 கிராமுக்கு, அதாவது 10 தேக்கரண்டிக்கு மேல் போகக்கூடாது. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. கேக் வருடத்தில் சில நாள்தான் வரும். தேநீரும் ரொட்டியும் தினமும் வரும். ஆகவே மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

மலையில் கேக் செய்யும்போது

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 95 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். காற்றழுத்தமும் குறைவு. அதனால் கேக் மாவு விரைவாக உப்பி, நடுவில் அமுங்கிவிடும். கீழே ஈப்போவில் இருக்கும் மகள் சொன்ன அளவு, இங்கே பலிக்காமல் போவது அதனால்தான். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை.

இதற்கு வழி உண்டு. பேக்கிங் பவுடரை, ஒவ்வொரு தேக்கரண்டிக்கும் கால் தேக்கரண்டி வரை குறையுங்கள். சீனியை, ஒவ்வொரு கப்புக்கும் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள். சீனி கூடினால் கேக்கின் கட்டுமானம் தளர்ந்து அமுங்கும். பாலையோ தண்ணீரையோ சற்றுக் கூட்டுங்கள். மலையில் கேக் நன்றாக வர வேண்டுமானாலே சீனியைக் குறைக்கத்தான் வேண்டும். உடம்புக்கும் அதுவே நல்லது.

ஸ்கோனுக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம் தடவுவது நம் மலையில் பழகிப்போன ஒன்று. ஜாமுக்குப் பதில் பழத்தையே முள்கரண்டியால் மசித்து வைத்துப் பாருங்கள். பழம் இங்கேயே விளைகிறது.

அன்றாட ரொட்டி

இரண்டு கப் ஆட்டா மாவு, ஒரு கப் கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஒன்றேகால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும். சுடச்சுட ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். கை, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் மாவைக் கலந்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால் பாதி வேலை தானாக முடிந்திருக்கும். மிச்சத்தைப் பேரப்பிள்ளைகளிடம் விடலாம்.

மாவு உப்பும் நேரத்தை இங்கே கடிகாரம் சொல்லாது. உயரம் அதை விரைவாக்கும், குளிர் தாமதப்படுத்தும். மழை நாளில், அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் சுடுதண்ணீரோடு மாவை வையுங்கள். இரண்டு மடங்கானதும் டின்னில் போட்டு, மறுபடி உப்பிய பிறகு 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். நன்றாக ஆறிய பிறகு வெட்டினால் துண்டு உதிராது. நம் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதானால் உறைபெட்டியில் வையுங்கள்.

ஆட்டா ரொட்டியும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும், வெள்ளை ரொட்டியை விடச் சற்று மெதுவாக. ஆகவே இரண்டு துண்டு போதும். ஜாமுக்குப் பதில் பருப்பு, முட்டை அல்லது காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள். பல் பலமில்லாதவர்கள் சீனி இல்லாத தேநீரில் நனைத்துச் சாப்பிடலாம். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. பேக்கிங் சோடாவிலும் உப்புச் சத்து இருக்கிறது என்பதை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நினைவில் வையுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆட்டா ரொட்டிக்கு மாறும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்து எடுப்பவர்கள்

மாலையில் கேக் சாப்பிடப் போகிறோம் என்று மதியச் சாப்பாட்டை விடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடியுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999 எண்ணை அழையுங்கள்.

கேக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சோற்றைக் குறைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய துண்டு சாப்பிடலாம். வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை கிளினிக்கிற்கு வரும்போது அந்தக் குறிப்பையும், நீங்கள் ரொட்டிக்குப் போடும் அளவுகளையும் கொண்டு வாருங்கள். பணியாளர்கள் உங்களுக்கு ஏற்ற அளவைச் சொல்வார்கள்.