மாதர் உடல்நலமும் மணிக்கட்டுக் கணக்கும்

சங்கங்களின் பேரேடுகளைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒரு நாள் வரவைக் கண்டு ஒரு சங்கத்தின் நிலையை எவரும் அறிந்துவிட இயலாது. பல மாதக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஏற்ற இறக்கத்தின் காரணம் புலப்படும். உடலின் கணக்கும் அத்தகையதே. ஆயினும், மாதவிலக்கின் கணக்கை மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒழுங்காக எழுதவில்லை. எழுதப்படாத ஏட்டில் ஊகம் குடிபுகுந்தது.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த எட்வர்டு கிளார்க், உயர்கல்வி பெண்களின் உடலைக் கெடுக்கும் என்று 1873-இல் ஒரு நூல் எழுதினார். மேரி புட்னம் ஜேக்கோபி என்னும் பெண் மருத்துவர் அதற்குக் கணக்கைக் கொண்டே விடையிறுத்தார். வினாத்தாள் அனுப்பி 268 பெண்களின் பதில்களைத் திரட்டினார். சிலருடைய நாடியையும் உஷ்ணத்தையும் அளந்து குறித்தார். நல்ல ஊட்டமுள்ள பெண்ணுக்கு மாதவிலக்கை முன்னிட்டு ஓய்வு கட்டாயமன்று என்று அவர் காட்டிய கட்டுரைக்கு 1876-இல் ஹார்வர்டின் பாயில்ஸ்டன் பரிசு கிடைத்தது. அக்கல்லூரி பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொண்டதோ 1945-இல்தான்!

ஜேக்கோபி கையால் அளந்ததை இன்று மணிக்கட்டில் அணியும் கடிகாரமும் விரலில் அணியும் மோதிரமும் உறக்கத்திலேயே அளந்துவிடுகின்றன. சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு பெருகுகிறது. அதனால் உடலின் உஷ்ணம் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. நாடித்துடிப்பும் சிறிது கூடுகிறது. இரவுதோறும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால், கருமுட்டை வெளிவந்த நாளைப் பின்னர் ஏறத்தாழ மதிப்பிடலாம்.

2019-இல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சி நிலையம், ஆப்பிள் நிறுவனம் ஆகிய மூன்றும் கூடி மாதர் நல ஆய்வு ஒன்றைத் தொடங்கின. பெண்கள் தாமே சம்மதித்துத் தம் கைப்பேசிப் பதிவுகளையும் கடிகார அளவுகளையும் அளிக்கின்றனர். 12,608 பேரின் 1,65,668 மாதச் சுழற்சிகளை ஆராய்ந்த முடிவு 2023-இல் வெளிவந்தது. வெள்ளையரைவிட ஆசிய வமிசப் பெண்களின் சுழற்சி சராசரி 1.6 நாள் நீண்டிருந்தது. வயதும் உடற்பருமனும் நாட்களை மாற்றுகின்றன என்பதும் தெரியவந்தது. 28 நாள் என்பது எல்லார்க்கும் பொதுவான விதியன்று என்பது இதனால் உறுதிப்படுகிறது.

ஆனால் இக்கணக்கிலும் குறையுண்டு. விலையுயர்ந்த கைப்பேசி வைத்திருக்கும் அமெரிக்கப் பெண்களே அந்த ஏட்டில் இடம்பெறுகின்றனர். தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் சகோதரிகளின் பக்கம் அதில் வெறுமையாகவே உள்ளது.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. இப்பேரேடு யாருடையது? ஃப்ளோ என்னும் மாதவிலக்குச் செயலி, இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பெண்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுக்கு அளித்ததென 2021-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே உடன்பாடு செய்துகொண்டது. அங்கத்தினரைக் கேளாமல் அவர் கணக்கைப் பிறருக்குக் காட்டும் சங்கத்தை நாம் பொறுப்போமா?

இதற்கு நம் இயக்கத்திலேயே ஒரு வழி உண்டு. 2015-இல் சுவிட்சர்லாந்தில் மிடாட்டா என்னும் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. அதில் உடல்நல விவரம் அவரவர் கணக்கிலேயே இருக்கும். எந்த ஆராய்ச்சிக்கு அதனைத் தருவது என்று உரியவரே தீர்மானிப்பார். விளைபொருளுக்கும் நூலுக்கும் பொருந்திய கூட்டுறவு நெறி, விவரத்திற்கும் பொருந்தும் என்பதற்கு இது சான்று.

கடிகாரம் இல்லையே என்று நம் சகோதரிகள் வருந்த வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். மாதந்தோறும் முதல் நாளின் தேதியைக் குறித்து வாருங்கள். வயதுவந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாட்கள் வரை பொதுவாக இயல்பெனக் கொள்ளப்படுகிறது. அடிக்கடி அதனின் மாறினாலும், கருவுறாமலே மூன்று மாதம் வராதிருந்தாலும், அக்குறிப்பேட்டுடன் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரை அணுகுங்கள். நெடுநாள் மறைத்து வைத்த துயரைவிட, நாலு வரி எழுதி வைத்த கணக்கு அவருக்கு மிகவும் உதவும்.