கட்டிட அனுமதி: அளக்க வருமுன் நாமே அளந்து பார்ப்போம்

"வீட்டு வரி ரசீது இருக்கிறது, தொழில் உரிமம் இருக்கிறது, இதற்கு மேல் என்ன அனுமதி?" என்று கேட்கும் வணிகர்கள் நம்மில் நிறைய. வரியும் உரிமமும் நகராட்சியின் வேலை. கட்டிட அனுமதி வேறு. அதைத் தருவது, 1969-ஆம் ஆண்டின் நகர, கிராம அமைப்புச் சட்டப்படி இயங்கும் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம். அலுவலகம் பூமியான்பேட்டை ஜவகர் நகரில். நகராட்சி வரி வாங்கிக்கொண்டது என்பதால் மாடி சட்டப்படியானது ஆகிவிடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மீரட் நகரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. பல ஆண்டு ஆயிற்று, பணம் போட்டாயிற்று என்ற வாதம் எடுபடவில்லை; கடைகளை இடிக்கும் உத்தரவு உறுதியாயிற்று. அதோடு நாடு முழுமைக்கும் சில கட்டளைகள் வந்தன. கட்டும்போதே அலுவலர்கள் அவ்வப்போது பார்வையிட்டுக் குறிப்பு எழுத வேண்டும். நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு தர வேண்டும். அனுமதியற்ற கட்டிடத்துக்கு வணிக உரிமம் கூடாது. வங்கியும் சான்றைப் பார்த்தே கடன் தர வேண்டும். இவற்றில் எது நின்றாலும் நம் வியாபாரம் நின்றுவிடும்.

சென்னை தியாகராய நகரை நினைத்துப் பாருங்கள். 2011 அக்டோபர் இறுதியில், தீபாவளி முடிந்த கையோடு, ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பெருங்கடைகளுக்குக் கட்டிட விதிமீறலுக்காகச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில், பொங்கலுக்குச் சற்று முன், உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. அதுவரை பூட்டுதான். பெரிய முதலாளிகள் தாங்கினார்கள். ஒரு ஷட்டர் மளிகைக்கடை தாங்குமா?

நம் ஊரில் விண்ணப்பம் முதலில் சிக்குவது பத்திரத்தில். பழைய மனைகளுக்குப் பிரெஞ்சு காலத்து நொத்தேர் பத்திரம் இருக்கும். அதில் கதாஸ்தர் எண். இன்றைய பட்டாவில் மறு அளவை எண். இரண்டிலும் அளவு ஒத்துவராத மனைகள் உண்டு. தாத்தா பெயரிலேயே சொத்து நின்று, பங்காளிகள் பாகம் பிரிக்காமல் இருந்தால் இன்னும் சிக்கல். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால், அது யாருக்கு எவ்வளவு என்று பத்திரத்தில் தேடி எடுத்து வையுங்கள். இதையெல்லாம் பொறியாளர் வரைபடம் போடுமுன் தீர்க்க வேண்டும். பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் உள்ள வீடானால், முகப்பில் கை வைக்குமுன் தனி ஒப்புதல் தேவை.

அடுத்தது, மளிகைக்காரர்களுக்கே உரிய ஒன்று. வரைபடத்தில் 'படுக்கை அறை' என்று எழுதிவிட்டு, கட்டி முடித்ததும் அரிசி மூட்டை அடுக்குகிறோம். வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. பத்துக்குப் பத்து அடி அறை ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். 25 கிலோ மூட்டை எழுபத்து நான்கு வைத்தால் கணக்குத் தீர்ந்தது. பண்டிகைக்கு முன் நாம் அடுக்குவது எத்தனை என்று நமக்கே தெரியும். பொதுக் கிடங்குக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது சதுர மீட்டருக்கு 750 கிலோவுக்குக் குறையாத தாங்குதிறன். எனவே கிடங்கு என்றால் 'கிடங்கு' என்றே எழுதச் சொல்லுங்கள். கம்பி கூடும், செலவு கூடும், கூடட்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் மாடி எழுப்ப நினைப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் இடிந்தது வேறெந்தக் கட்டிடமும் அல்ல, கடற்கரைச் சாலையில் நகராட்சியே இயங்கிவந்த மேரி கட்டிடம்! அதே வடிவில் மீண்டும் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள்.

விண்ணப்பமும் வரைபடமும் இப்போது இணையவழியே போகின்றன. ஆனால் சுவரை இணையத்தில் அளக்க முடியாது. ஆள் வந்துதான் ஆக வேண்டும். நாள் கேட்கும்போது ஐப்பசி, கார்த்திகை மழையைத் தள்ளிக் கேட்பது நல்லது. தோண்டிய குழியில் நீர் நின்றால் வந்தவர் எதைப் பார்ப்பார்? தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரமும் வேண்டாம். காலையில், கூட்டம் சேருமுன் வரச் சொல்லிக் கேளுங்கள்.

வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பொறியாளரை அழைத்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாமே டேப் பிடித்து அளக்க வேண்டும். மளிகைக்கடையில் சுவரே தெரியாது. ராக்கையும் மூட்டையையும் நகர்த்தி டேப் ஓட வழி விடுங்கள். மனையின் நான்கு மூலையையும் அடையாளமிடுங்கள். தெருச் சாக்கடை மேல் ஏறிய படிக்கட்டு, வீதிக்கு நீண்ட தகரப் பந்தல் எல்லாம் முதல் பார்வையிலேயே கண்ணில் படும். அன்று கடைப் பையனை நிறுத்திவிட்டு நாம் கொள்முதலுக்குப் போய்விடக் கூடாது. அடித்தளத்தை மூடுமுன்னும், தளத்துக்குக் கான்கிரீட் போடுமுன்னும் கம்பியைத் தேதியோடு படம் எடுத்து வைத்தால், பிறகு கேள்வி வரும்போது கைகொடுக்கும்.

"உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது" என்று சொல்லும் தரகர் எப்போதும் உண்டு. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போவார். ஒன்றரை அடி அதிகம் கட்டிய சுவர் அங்கேயே நிற்கும். குறை சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்கி, திருத்தி, மறுபார்வைக்கு எழுதிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அனுமதி வரைபடத்தின் ஒரு பிரதியை வேலை நடக்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். மூலத்தை வீட்டுப் பீரோவில் வையுங்கள். கல்லாவுக்கு அடியில் வைத்தால் எலிக்குத்தான் ஆகும்.